அவர் வாயில் என் சொற்கள்

முதல் அறிகுறி ஒரு பத்திரிகைப் பக்கத்தில் வந்தது. ஸ்கார்பரோவில் எங்கள் அபார்ட்மென்டுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் வாரப் பத்திரிகை இலவசமாகக் கிடைக்கும். சனிக்கிழமை காலையில் என் கணவர் அதை எடுத்துவந்து உரக்க வாசிப்பார். நான் குசினியில் நின்றபடி கேட்பேன். எனக்கும் வாசிக்கத் தெரியும். ஆனாலும் அவர் வாசித்தால்தான் அது செய்தி என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அன்று ஒரு பக்கத்தை வாசித்து முடித்தார். அதில் வந்த ஒரு பகிடிக்குச் சிரித்தார். தேத்தண்ணி குடித்தார். பிறகு அதே பக்கத்தை மேலிருந்து தொடங்கி, அதே இடத்தில் அதே மாதிரிச் சிரித்தார். என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்து, "இப்பதானே உதை வாசிச்சனீங்கள்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீர் நித்திரையில கனவு கண்டிருப்பீர்" என்றார். அவர் பகிடி விடவில்லை.

இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் எங்கள் இருவரையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவர் இலங்கை ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். இங்கிலிஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழர்கள் குடிவரவுக் கடிதமோ வாடகைக் கடிதமோ வந்தால் அவரிடம்தான் கொண்டு வருவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அப்பா இறந்துபோனார், வீட்டில் நான் மூத்தவள், அவ்வளவுதான் காரணம்.

மகள் வசந்தி அப்போது பிக்கரிங்கில் வீடு வாங்கியிருந்தாள். அங்கிருந்து ரயிலில் டவுன்டவுனுக்கு வேலைக்குப் போய்வருவாள். போனில் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பாவுக்கோ?" என்று சிரித்தாள். "அம்மா, அவர் இப்பவும் இங்கிலிஷ் குறுக்கெழுத்து நிரப்புறார். எனக்கே உது ஏலாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவருடைய இங்கிலிஷ் மறைத்தது. வந்தவர்களிடம் கம்பீரமாகப் பேசுவார். அவர்கள் போனதும், வந்தது யார் என்று என்னிடம் கேட்பார். கேத்திலில் தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போடுவார். ஒரு வருடம் இப்படிப் போனது. கடைசியில் என் கரைச்சல் தாங்காமல் வசந்தி குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்கி, எங்களை டவுன்டவுனில் ஒரு ஞாபக மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப்போனாள்.

நோயாளியோடு வாழ்பவரையும் சோதிப்பது அங்கே வழக்கமாம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அதனால் எனக்கும் சோதனை என்றார்கள். எனக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. வந்தது அவருக்காகத்தானே.

சோதனை செய்தவர் ஓர் இளம் வெள்ளைக்காரர், நல்ல பிள்ளை. அவர் கேட்டவற்றில் முக்கியமானது சொல்லோட்டச் சோதனை (ஒரு வகையைச் சேர்ந்த பெயர்களை ஒரு நிமிடத்துக்குள் எத்தனை சொல்ல முடிகிறது என்று பார்ப்பது). முதலில் இவர். மிருகங்களின் பெயரைக் கேட்டதும் இங்கிலிஷில் பொழிந்து தள்ளினார். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியதெல்லாம் வரிசையாக வந்தது. அந்தப் பிள்ளை எழுதிமுடிக்கத் திண்டாடியது.

பிறகு என் முறை. அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் யாரும் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கவில்லை. வசந்தி கதிரையை இழுத்துப் போட்டாள். "நீ வெளியில இரு பிள்ளை. நான் இருக்கிறன்தானே" என்று இவர் அவளை அனுப்பிவிட்டார். எங்கள் வீடுகளில் இது புதிதல்ல. கந்தோரில், ஆஸ்பத்திரியில், வங்கியில் மனைவியைக் கேட்டால் பதில் சொல்வது கணவர்தான்.

நான் தமிழில் சொன்னேன், அவர் இங்கிலிஷில் சொன்னார். மாடு, ஆடு, நாய், நரி. எனக்கு இங்கிலிஷ் பேச வராது. ஆனால் ஆடும் மாடும் விளங்காத அளவுக்கு மோசமில்லை. நரியை அவர் சொல்லவில்லை. முதலையைச் சொல்லவில்லை. உடும்பு என்றேன். "என்ன?" என்றார். "உடும்பு" என்றேன். அதற்கு இங்கிலிஷ் தேடித் தேடி, கடைசியில் மறுபடியும் ஆடு என்றார். அவர் தேடிய நேரமெல்லாம் என் நிமிடத்தில் போனது. அவர் மறந்த சொல்லும் என் கணக்கில்தான் போனது.

ஒருதரம் வாயெடுத்தேன். "பொறும்" என்றார், அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. பிறத்தியான் முன்னால் புருஷனைத் திருத்தி எனக்குப் பழக்கமில்லை. வீட்டுக்குப் போய் வசந்தியிடம் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்து மரக்கறிகளின் பெயர். அதிலும் இதே கதைதான்.

சோதனை முடிந்ததும் அந்த நிலையத்தின் வைத்தியர் வசந்தியை உள்ளே கூப்பிட்டுப் பேசினார். அவள் அழுத கண்ணோடு வெளியே வந்தாள். கார் நிறுத்துமிடத்தில் வைத்துத்தான் சொன்னாள். அப்பாவுக்கு வயதுக்கு மிஞ்சிய ஞாபகசக்தியாம். அம்மாவுக்கு டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறையும் நோய்) தொடங்கியிருக்கிறதாம். சொன்னதையே திரும்பச் சொல்வது அதன் அடையாளமாம்.

காரில் இவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாதையும். நான் இருக்கிறன்" என்றார்.

அன்றிரவே வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நரியையும் முதலையையும் அந்த இரண்டு ஆடுகளையும். அவள் பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பொறுமையே எனக்குப் பயத்தைத் தந்தது. இந்த நோய் வந்தவர்கள் பழியைப் பக்கத்தில் இருப்பவர்மேல் போடுவார்கள், வாதாடக் கூடாது என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாராம். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அது நோய். சொல்லாமல் இருந்தால் நோய் முற்றிவிட்டது.

எல்லாம் அன்பினால் நடந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். மருமகன் அடுப்பின் திருகுகளைக் கழற்றிக்கொண்டு போனார். வீட்டுத் திறப்பை (சாவியை) என் கைப்பையிலிருந்து எடுத்தார்கள். சீனிப் போத்தல் அலுமாரிக்குள் போய், அலுமாரித் திறப்பு இவருடைய சட்டைப் பைக்குள் போனது. கடைசியாக என் ஊசியையும் வாங்கிக்கொண்டார்கள்.

எனக்குப் பல வருடமாக நீரிழிவு. இன்சுலினை (இரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து) நானேதான் போட்டுக்கொள்வேன். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டும் அளவு எடுப்பேன். "இனிமேல் அப்பா போட்டுவிடுவார். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை" என்றாள் வசந்தி. படித்த மனுஷன், கை நடுங்காது, எழுத்தை வாசித்துச் சரியாகச் செய்வார். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கை நடுங்கவில்லைதான். ஊசி குத்துவதே தெரியாது. போட்டாரா இல்லையா என்பதுதான் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. சில நாள் போடாமலே போட்டாச்சு என்பார். அந்த நாட்களில் தாகமும் அடிக்கடி சலம் போவதும் என்னை வதைக்கும். பரவாயில்லை என்று இருந்தேன். போட்டதை மறந்து திரும்பப் போட வருவாரோ என்பதுதான் என் பயம். அதற்காக, போட்ட ஊசியைக் குப்பைக்குப் போகவிடாமல் ஜன்னல் ஓரத்தில் எடுத்துவைப்பேன்.

"இஞ்ச பாருங்கோ, போட்ட ஊசி கிடக்கு."

"உது நேற்றையது" என்பார், சந்தேகமே இல்லாத குரலில்.

வசந்தியின் வேலையிடத்துக்குப் போன் எடுத்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, "அம்மா, தயவுசெய்து அப்பா சொல்றதைக் கேளுங்கோ. அவரும் பாவம்தானே" என்றாள். ஓம் என்று வைத்துவிட்டேன்.

நாளாக ஆக இன்னொன்று நடந்தது. இதைத்தான் இதே நிலையில் இருக்கும் பெண்கள் கவனிக்க வேண்டும். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வைத்தியர் சொல்கிறார், மகள் சொல்கிறாள், நாற்பது வருடமாக வீட்டில் கடைசி வார்த்தை யாருடையதோ அவர் சொல்கிறார். நான் மட்டும் வேறு சொல்கிறேன். ஒருவேளை அது நேற்றைய ஊசிதானோ? ஒருவேளை அவர் பத்திரிகையை ஒருமுறைதான் வாசித்தாரோ?

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் ஊசி போட்டார். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் (ரொட்டி) தருவார் என்று நான் காத்திருந்தேன். அடுப்புதான் என் பொறுப்பில் இல்லையே. "சாப்பிட்டனாங்கள்தானே" என்றார். நான் இல்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஊசியோடு வந்து நின்றார்.

"போட்டாச்சு" என்றேன்.

"இல்லை."

"இப்பதான் போட்டனீங்கள்."

அவருக்குக் கோபம் வந்தது. பிறகு கண் கலங்கியது. "நீர் வருத்தக்காரி, நோய் உமக்கு. உமக்கு ஞாபகம் நிக்காது. நான் உமக்குக் கெடுதல் செய்வனோ?" என்றார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சட்டையை உயர்த்தி வயிற்றைக் காட்டினேன்.

முதலில் வேர்த்தது. பிறகு கைகள் ஆடத் தொடங்கின. சீனி வேண்டும் என்றேன். "டொக்டர் சீனி கூடாது எண்டு சொன்னவர்" என்றார், சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு. அதை அவர் மறக்கவில்லை. ஜன்னல் இரண்டாகத் தெரிந்ததும், சோபாவின் துணி கன்னத்தில் உரசியதும் நினைவிருக்கிறது. பிறகு ஒன்றும் இல்லை.

மத்தியானம் வசந்தி வந்தபோது நான் சோபாவில் கிடந்தேனாம். நித்திரை என்று நினைத்து இவர் போர்வையால் மூடிவிட்டிருந்தார். பக்கத்துக் கதிரையில் இருந்து எனக்குப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தாராம்.

அதற்குப் பெயர் ஹைப்போகிளைசீமியா (இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிப்போவது). அது நீண்டால் மூளை பட்டினி கிடக்கும். நான் ஆஸ்பத்திரியில் பல நாட்கள் ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்தேன். கண் விழித்தபோது ஆட்களைத் தெரிந்தது. பெயர்கள்தான் வாய்க்கு வரவில்லை. தாதி தண்ணீர்க் கோப்பையைக் காட்டி இது என்ன என்றாள். எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல் எங்கேயோ பின்னால் நின்றது, கூப்பிட்டாலும் வரவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில்தான் நெஸ்ரின் என்ற உளவியலாளர் (நினைவு, பேச்சு போன்ற மூளையின் வேலைகளை அளப்பவர்) என்னைப் பார்க்க வந்தார். துருக்கியில் பிறந்தவர். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளரையும் அழைத்து வந்திருந்தார், மன்னார்ப் பெண் ஒருத்தி. என் பழைய சோதனை அறிக்கையை வாசித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அன்றைக்கு உங்கள் சொல்லை இங்கிலிஷில் சொன்னது யார்?"

நான் கையால் காட்டினேன். இவர் கட்டிலின் அந்தப் பக்கம், கோட்டும் டையுமாக, சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தன் மொழிக்காரர்களிடமும் இதே சோதனையை வைத்துப் பழகியவர் நெஸ்ரின். அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். துருக்கி மொழி பேசினாலும் தமிழ் பேசினாலும், வயது ஏற ஏறச் சொற்கள் வருவது மெதுவாகிறது. படித்த வருடங்கள் கூடக்கூட அதிகம் வருகிறது. பெயர்களை வகை வகையாகப் பிரித்து ஒப்புவிப்பதைப் பள்ளிக்கூடம்தான் பழக்குகிறது. அது புத்தியின் அளவு அல்ல. அறுபது தாண்டிய, ஐந்தாம் வகுப்புப் படித்த என்னை, பல வருடம் படித்த இங்கிலிஷ்காரரின் அளவுகோலில் வைத்திருக்கிறார்கள். இவர் பக்கம் அதே கோல் வேறு விதமாக ஏமாற்றியிருக்கிறது. நிறையப் படித்தவர் கொஞ்சம் இழந்தாலும், மிச்சமிருப்பது சாதாரண ஆளின் அளவுக்கு மேல்தான் நிற்கும்.

பிறகு நெஸ்ரின் ஒரு காரியம் செய்தார். எனக்காக இன்னொருதரம் மொழிபெயர்க்க முடியுமா என்று இவரைக் கேட்டார். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். மன்னார்ப் பெண்ணைப் பேசாமல் பக்கத்தில் இருந்து, நான் சொல்வதையும் அவர் சொல்வதையும் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னார் நெஸ்ரின்.

எனக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன, நடுவே நீண்ட இடைவெளிகளோடு. அவ்வளவு மெதுவாகச் சொல்லியும் அவரிடம் அவை தங்கவில்லை. யானை போனது. குரங்கு போனது. பூனையை இரண்டுமுறை சொன்னார். ஒருமுறை நான் ஒன்றும் சொல்லாதபோதே மாடு என்றார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய கண் நிறைந்தது.

"அன்ரி," என்றாள், "நீங்கள் சொன்னதில பாதியை அவர் சொல்லேல்லை."

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றேன். அந்த மூன்று சொல்லும் தடங்கல் இல்லாமல் வந்தன.

அடுத்து நெஸ்ரின் இவருக்கு ஒரு சின்னக் கதை சொன்னார். கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இவர் நல்ல இங்கிலிஷில், மிகுந்த மரியாதையோடு, "எந்தக் கதை?" என்று கேட்டார்.

வசந்தி எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்தாள். பின்னேரம் என் கட்டிலில் வந்து இருந்தாள். நீண்ட நேரம் என் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள்.

"நீங்கள் எனக்குச் சொன்னனீங்கள்தானே அம்மா" என்றாள்.

"ஓம். சொன்னனான்."

வேறு ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. என் மகள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அது போக நெடுநாள் எடுத்தது.

என் பேச்சு பழையபடி வருமா என்று நெஸ்ரினிடம் கேட்டேன். அவர் பூசி மெழுகவில்லை. கொஞ்சம் வரும், முழுதும் வராது என்றார். எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்டேன். அவர் பழைய அறிக்கையை மடியில் வைத்துப் புரட்டினார்.

"அதை என்னால் அளக்க முடியாது. முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே சொல்லலாம். இதில் இருப்பது உங்கள் அளவு இல்லை, அவருடைய அளவு" என்றார். மன்னார்ப் பெண் அதை எனக்குத் தமிழில் சொல்லத் தயங்கினாள். பிறகு சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் நடந்த அத்தனையிலும் அதுதான் என்னை அதிகம் நோகடித்தது. என்னிடம் இருந்தது எவ்வளவு என்று ஒரு இடத்திலும் இல்லை. இழந்ததற்கும் கணக்கு இல்லை.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் உங்கள் வாய்க்கு உங்கள் வீட்டாரின் வாயைக் கடன் வாங்காதீர்கள். கணவர், மகன், மகள், எவ்வளவு படித்தவராக இருந்தாலும் வேண்டாம். வேறு மொழிபெயர்ப்பாளர் வரும்வரை சோதனையைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். மரியாதைக்காக நான் வாயை மூடியிருந்தேன், அதனால் யாருக்கும் நன்மை வரவில்லை.

ஊசி என் கைக்குத் திரும்பியது. அடுப்பின் திருகுகளும் வந்தன. இவருக்கு நோய் உறுதியானதும் வேகமாக இறங்கினார். படித்தவர்களுக்கு அப்படித்தான், வெளியே தெரியும்போது உள்ளே நெடுந்தூரம் போயிருக்கும் என்றார் நெஸ்ரின். முதலில் இங்கிலிஷ் போனது. கடிதத்தோடு வந்த ஆட்கள் கதவடியிலேயே திரும்பிப் போனார்கள், பிறகு வராமலே விட்டார்கள். அதன்பின் தமிழும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஒரு கட்டத்தில் வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. அஜக்ஸில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். வசந்தி என்னைக் காரில் கூட்டிப்போவாள். பேச்சே இல்லாத அறையில் அவரும் நானும் இருப்போம். அவரைக் குளிப்பாட்டி, சீப்பால் தலை இழுத்து, வாயைத் துடைத்துவிடுவேன். அவர்மேல் கோபமே வரவில்லை என்று எழுதினால் அது பொய். தலை இழுக்கும்போதுதான் சில நாள் கோபம் வரும். ஆனாலும் மெதுவாகத்தான் இழுப்பேன்.

அவர் ஒரு வைகாசியில் போய்விட்டார்.

இப்போது என் உடம்பு எனக்குப் பழைய உடம்பு இல்லை. பசி வந்தால் அது பசியா, சர்க்கரை இறங்குகிறதா என்று நம்ப முடிவதில்லை. வேர்வையும் முன்போல முன்கூட்டிச் சொல்வதில்லை. மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். விரலைக் குத்தி இரத்தம் பார்த்துத்தான் எனக்கு என்ன நடக்கிறது என்று அறிகிறேன். சொற்கள் வருகின்றன, ஆனால் தங்கள் இஷ்டத்துக்கு. காலையில் கடைக்காரர் கேட்டதற்குப் பதில் மத்தியானம் பஸ்ஸில் வரும். இந்தக் கட்டுரையை எழுத ஒரு குளிர்காலம் முழுவதும் போனது. பிழைகளை வசந்தி திருத்தினாள். வேறெதையும் அவள் மாற்றவில்லை.

இவருடைய செத்த வீட்டுக்குப் பழைய ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள், கடிதம் வாசிப்பிக்க வந்தவர்கள்தான். அவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன படிச்ச மனுசன் அக்கா. கடைசி வரைக்கும் தெளிவாய் இருந்திருப்பார்" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லோரும் என் பதிலுக்காகப் பார்த்தார்கள். என் வாயில் ஒன்றுமே இல்லை. அவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, வந்த சனமெல்லாம் போனபின், குசினியில் தனியே நின்று சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது அந்தப் பதில் வந்தது. குழாயை நிறுத்திவிட்டு, இருந்த சத்தம் முழுவதையும் கூட்டி, "இல்லை" என்றேன்.